பூனை ஏன் இப்படிச் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டில் இருபது வருடமாகப் பூனை இல்லாத நாள் கிடையாது. இப்போது இருப்பவை மூன்று: கருப்பி, செவலை, பாண்டி. மூன்றுமே தெருவிலிருந்து வந்த நாட்டுப் பூனைகள். இது தெரிந்த சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், புதிதாகக் குட்டி எடுத்தவர்கள் என்று ஆளாளுக்குச் சந்தேகம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறாது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"பூனை நன்றி கெட்டதுன்னு சொல்றாங்களே? நாய் மாதிரி பாசமே இருக்காதாமே?"

இருபது வருடத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான், என்னை அதிகம் வருத்தப்படுத்துவதும் இதுதான். நாய் ஓநாயின் வழி வந்தது. ஓநாய் குடும்பமாகக் கூட்டத்தில் வாழும், சேர்ந்து வேட்டையாடும். வீட்டுப்பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரியும் ஒரு சிறிய காட்டுப்பூனை. அது தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. யாரும் கட்டிப் பிடித்துப் பழக்கவில்லை, அதுவாக வந்து தங்கியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் ஒரு மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அத்தனை பழைய உறவு இது.

பாசம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குட்டிகளைப் புதிய அறையில் கொஞ்ச நேரம் தனியாக விட்டு, பிறகு வளர்ப்பவரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். சுமார் 64 சதவீதக் குட்டிகள், அம்மா திரும்பி வந்ததும் ஆறுதலாகும் குழந்தையைப் போலவே அவரிடம் வந்து ஒட்டிவிட்டு, அப்புறம் தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. நாய் குதித்துச் சொல்வதைப் பூனை மெல்லச் சொல்லும். உங்களைப் பார்த்து நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தால் அது நட்பின் அடையாளம். நீங்களும் அப்படியே மெல்ல மூடித் திறந்து பாருங்கள். பல பூனைகள் பதிலுக்கு மூடித் திறக்கும்.

"மடியில படுத்துக்கிட்டு கர்ர் கர்ர்னு இழுக்குது. ஆஸ்துமாவா? நமக்கு ஒட்டிக்குமா?"

நோய் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. குரல்வளையிலிருந்து வரும் சத்தம் அது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடர்ந்து வருவதால் இரைப்பு போலக் கேட்கிறது. குட்டிகள் பிறந்த சில நாளிலேயே பால் குடித்தபடி இந்தச் சத்தத்தைப் போடத் தொடங்கிவிடும்.

சிலருக்குப் பூனையால் தும்மலும் மூச்சுத்திணறலும் வருவது உண்மை. அதற்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். நக்கும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, தூசியாகப் பறக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கர்ர் சத்தம் எப்போதும் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியிலும் பிரசவத்திலும்கூடப் பூனை கர்ர் என்று முனகும்.

"விடியக்காலை நாலரைக்கு வந்து முகத்தைத் தட்டுது. தூங்கவே விட மாட்டேங்குது."

இரையாகும் எலியும் பறவையும் நடமாடும் விடியலும் அந்தியும்தான் பூனைக்குச் சுறுசுறுப்பான நேரம். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கித் தீர்ப்பது அந்த ஓட்டத்துக்காகச் சேர்த்து வைக்கிற பலம். ராத்திரி திடீரென்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் பேய் பிடித்த மாதிரி ஓடுவதும் வேட்டையில் செலவாகாத அதே பலம்தான்.

கூப்பிடுகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை, அது பெரும்பாலும் மனிதருக்கான பேச்சு. 2009-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், சாப்பாடு கேட்கும்போது பூனை போடும் கர்ர் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அதற்குள் குழந்தையின் அழுகையைப் போன்ற மெல்லிய உயர்ந்த குரல் ஒன்று கலந்திருந்தது. அதைக் கேட்டபடி படுத்திருப்பது நமக்குச் சிரமம்தான்.

படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டி ஓடவிடுங்கள், உடனே கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பது அதன் இயல்பான வரிசை. நாலரைக்குத் தட்டும்போது எழுந்து ஒரு துண்டு மீன் போட்டுவிட்டால், அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வரும்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. காது கேக்கலையா?"

பெரும்பாலும் கேட்கிறது. ஜப்பானில் 2019-இல் நடந்த ஆய்வில் வேறு சொற்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் பூனையின் பெயரைச் சொன்னார்கள். பல பூனைகள் பெயர் வந்ததும் காதை அசைத்தன, தலையைத் திருப்பின. எழுந்து வந்தவை குறைவு. கூப்பிட்டதும் ஓடிவரும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட பிராணி இல்லை அது.

உங்கள் பூனை முழு வெள்ளையாக இருந்து, இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் மட்டும் உண்மையிலேயே செவிடாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பூனையைத் தனியாகத் தெருவில் விடாதீர்கள். வண்டி வருவது அதற்குத் தெரியாது.

"மடியில ஏறி சப்பாத்தி மாவு பிசையற மாதிரி மிதிக்குதே?"

தாயிடம் பால் குடிக்கும்போது சுரப்பதற்காகக் குட்டி மடியை மாற்றி மாற்றி மிதிக்கும். அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் நிம்மதியாக இருக்கும்போது வந்துவிடுகிறது. நகம் குத்தினால் தள்ளிவிடாமல் மடியில் தடித்த துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் செவலை மிதித்தபடியே என் புடவைத் தலைப்பைச் சப்பவும் செய்வான்.

"சுகமா தடவிக்கொடுத்துக்கிட்டே இருப்பேன், திடீர்னு கையைக் கடிச்சிடும். ஏன் இந்த துரோகம்?"

நமக்குத்தான் திடீர். பூனை அதற்கு முன்பே மூன்று நான்கு முறை சொல்லியிருக்கும். வால் நுனி துடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், முதுகுத் தோல் அலைபோலச் சிலிர்க்கும், கர்ர் சத்தம் நின்றுவிடும். இதில் ஒன்றைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் கடி இல்லை. கன்னம், தாடைக்குக் கீழ், காதடி ஆகியவை பல பூனைகளுக்குப் பிடித்த இடங்கள். அங்கே வாசனைச் சுரப்பிகள் உள்ளன. உங்கள் காலில் கன்னத்தை உரசுவதும் தன் வாசனையைப் பூசி 'இது நம்ம ஆள்' என்று குறிப்பதற்குத்தான். வயிற்றைக் காட்டி மல்லாந்து படுப்பது நம்பிக்கையின் அடையாளம், தொடச் சொல்லும் அழைப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுப்பூனைதானே என்று கடியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையாலும் வெறிநோய் பரவும். பூனைக்கு வருடந்தோறும் அந்தத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

"ராத்திரியில வெறும் செவுத்தையே முறைச்சுப் பாக்குது. வீட்ல ஏதாவது இருக்குமோ?"

இருக்கும்: பல்லியோ எலியோ. நம் காதுக்கு எட்டும் ஒலியின் உச்சம் வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு. பூனைக்கு அது எண்பதாயிரத்தையும் தாண்டும். சுண்டெலிகள் தங்களுக்குள் பேசும் நுண்ணிய கீச்சொலி நமக்கு மௌனம், அதற்குப் பேச்சு. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மின்பெட்டிக்குப் பின்னால் எலி கூடு கட்டியதைக் கருப்பிதான் காட்டிக்கொடுத்தாள். இரண்டு ராத்திரி அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஆயிரம் ரூபாய்க்கு மெத்தை வாங்கினேன். அது வந்த அட்டைப்பெட்டியிலதான் படுக்குது!"

பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமில்லை, தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகக்கூடிய சின்னப் பிராணியும்தான். மூன்று பக்கம் மறைவும் ஒரு பக்கம் பார்வையும் இருக்கும் இடம் அதற்குக் கோட்டை. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்குப் பெட்டி கொடுத்து, சிலவற்றுக்குக் கொடுக்காமல் கவனித்தபோது, பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பயம் தெளிந்தன. அதனால் புதுப் பூனை வரும் அன்று மெத்தைக்கு முன்னால் பெட்டியை வையுங்கள்.

"செத்த அணிலைக் கொண்டாந்து தலகாணி பக்கத்துல வைக்குது. பரிசு கொடுக்குதா?"

பரிசு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பாதுகாப்பான இடத்துக்கு இரையைத் தூக்கி வருவது பூனையின் வழக்கம், வீட்டில் அதற்குப் பாதுகாப்பான இடம் உங்கள் பக்கம். தாய்ப்பூனை குட்டிகளுக்கு வேட்டை சொல்லித் தருவதும் இப்படித்தான்: முதலில் செத்ததைக் கொண்டுவரும், அப்புறம் அரை உயிரோடு, கடைசியில் உயிரோடு. வயிறு நிறைந்திருந்தாலும் துரத்தும் ஆசை தனியாக வேலை செய்யும். அடிக்காதீர்கள். சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிட்டு, தினமும் விளையாட்டுக் காட்டுங்கள். அணிலும் குருவியும் பிழைக்க வேண்டுமென்றால் விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள் வைப்பதுதான் வழி.

"பாலும் சர்க்கரையும் கலந்து வச்சாலும் தொட மாட்டேங்குது. பூனைக்குப் பால் பிடிக்காதா?"

சர்க்கரையின் ருசியே பூனைக்குத் தெரியாது. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதடைந்து கிடக்கிறது என்பதை 2005-இல் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் கண்டுபிடித்தார்கள். பாலில் கொழுப்பு இருப்பதால் பல பூனைகள் விரும்பிக் குடிக்கும், ஆனால் குட்டிப் பருவம் தாண்டியபின் பெரும்பாலானவற்றுக்கு அது செரிக்காது, பேதியாகும். தண்ணீர் போதும். தயிர்சாதத்திலேயே வளர்க்கிறவர்களும் உண்டு. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

"குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்னு சொல்றாங்களே?"

ஏழு என்பது வழக்குப் பேச்சு. மாற்றுவது உண்மை. வாசனை சேரச் சேர எதிரிக்கு இடம் தெரிந்துவிடும், ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தாலும் தாய்க்குப் பயம். முந்தைய பதில் ஒன்றில் சொன்ன அதே கோட்டை விஷயம்தான் இதுவும். முதல் இரண்டு வாரம் குட்டிகளைப் பார்க்க ஊரைக் கூட்டாதீர்கள்.

"குப்பைமேனியைப் புடுங்கிப் போட்டா அதுல உருளுது, எச்சி வடிக்குது. பைத்தியம் பிடிச்சிருச்சா?"

அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. நம் முன்னோர் பார்த்து வைத்த பெயர். பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை மயங்கி உரசும், உருளும், சில நிமிடத்தில் தெளிந்துவிடும். மேலைநாடுகளில் கேட்னிப் என்ற செடிக்கும் இப்படியே. அதற்கு மயங்கும் தன்மை பரம்பரையாக வருவதால், மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறந்து சில மாதம் ஆகும்வரை குட்டிகளுக்கும் அது தெரியாது. ஜப்பானில் இதே போல் மயக்கும் கொடி ஒன்றை 2021-இல் ஆராய்ந்தவர்கள், அதன் சாறு உரசப்பட்ட பூனையின் முகத்தில் கொசு குறைவாக உட்கார்ந்ததைக் கண்டார்கள். உருள்வதில் அப்படி ஒரு பலனும் இருக்கிறது. குப்பைமேனியில் உருளட்டும், அரைத்து உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

"செவலைப் பூனைன்னா சேட்டை, கருப்புன்னா கோபம்னு சொல்றாங்க. நிறத்துல குணம் இருக்கா?"

செவலை நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஒன்று கிடைத்தாலே செவலை, பெட்டைக்கு இரண்டிலும் வேண்டும். ஆகவே செவலைகளில் பெரும்பாலானவை கடுவன்கள். கருப்பு, செவலை, வெள்ளை கலந்த மூவண்ணப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். 'செவலைக் குணம்' என்று நாம் நினைப்பதில் கடுவன் குணம் கலந்திருக்கலாம். கருப்புப் பூனைக்குக் கோபம் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சகுனம் என்று விரட்டி விரட்டியே அவை மனிதனைக் கண்டு பயப்படப் பழகியிருக்கின்றன. எங்கள் கருப்பியைப் போலச் சாதுவான ஜீவனை நான் பார்த்ததில்லை.

குணத்தை அதிகம் தீர்மானிப்பது குட்டிப் பருவம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, ஆயுசுக்கும் மனிதரோடு இயல்பாக இருக்கும். தகப்பன் பூனை தைரியசாலியாக இருந்தால் அதன் குட்டிகளும் தைரியமாக வருகின்றன, தகப்பனை அவை கண்ணால் பார்த்திருக்காவிட்டாலும்.

"மண்ணுப் பெட்டியை விட்டுட்டு என் மெத்தையில மூத்திரம் போகுது. நேத்து திட்டினதுக்குப் பழி வாங்குதா?"

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. தயவுசெய்து இந்த ஒரு பதிலை முழுதாகப் படியுங்கள். எங்களிடம் மணி என்ற கடுவன் இருந்தான். நாலு வயது. திடீரென்று துணிமேல் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தான். புதிதாக வந்த குட்டியின்மேல் பொறாமை என்று நினைத்து மூன்று நாள் அதட்டினேன். நாலாவது நாள் பெட்டியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தான், ஒரு சொட்டும் வரவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்திருந்தது. சிறுநீர்க்குழாய் அடைத்து, நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. மணி பிழைக்கவில்லை.

கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது, எளிதில் அடைக்கும். முக்கியும் வராவிட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு இல்லாவிட்டாலும் சிறுநீர்ப்பையில் வீக்கமோ கல்லோ இருந்தால் வலிக்கும். அந்த வலியைப் பூனை மண்பெட்டியோடு சேர்த்து நினைத்து, மெத்தான இடத்தைத் தேடும். முதலில் மருத்துவர், அப்புறம்தான் மற்றது.

உடம்பு சரி என்று தெரிந்தபின் பெட்டியைப் பாருங்கள். பூனைக்கு ஒன்று வீதம், கூடுதலாக ஒன்று. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். தினமும் அள்ளுங்கள். மெத்தையை ஃபினாயில் போட்டுக் கழுவாதீர்கள், அது பூனைக்கு விஷம். சோப்புத் தண்ணீர் போதும். வாலைத் தூக்கி நடுக்கியபடி நின்றுகொண்டே சுவரில் பீய்ச்சினால் அது வேறு விஷயம்: எல்லை குறிப்பது. கருத்தடை செய்த கடுவன்களில் அது வெகுவாகக் குறையும்.

"இப்பெல்லாம் மூலையில ஒளிஞ்சுக்குது. லேசா காய்ச்சல் மாதிரி இருக்கு. வீட்ல இருக்கிற பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?"

கூடவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. கொஞ்சமே கொடுத்தாலும் உயிர் போகும். அட்டைப்பெட்டி பதிலில் சொன்னபடி பூனை இரையும்கூட, அதனால் பலவீனத்தை வெளியே காட்டாமல் ஒளிந்துகொள்ளும். கலகலப்பான பூனை ஒதுங்குவதும், ஒதுங்கியிருந்த பூனை விடாமல் ஒட்டுவதும், தாவி ஏறிய அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதும் வலியின் பேச்சாக இருக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை ராத்திரியில் காரணமில்லாமல் ஊளையிட்டால் தைராய்டு, இரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"ரெண்டு பூனையில ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கு. அதுக்குத் தெரியுமா?"

சாவு என்று அதற்குப் புரிகிறதா என்பதை நான் சொல்லமாட்டேன். கூட இருந்தது இல்லை என்பது தெரிகிறது. சிலவை தேடித் திரியும், சிலவை கத்தும், சிலவை நம்மை விட்டு நகராது. சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் இடத்தையும் மாற்றாதீர்கள். அவசரப்பட்டு உடனே வேறு பூனையைக் கொண்டுவராதீர்கள். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

மணி படுத்த சாக்கை நான் துவைக்கவில்லை. அப்போது கருப்பிக்கு மூன்று வயது. மூன்று வாரம் அந்தச் சாக்கில்தான் படுத்தாள், கையில் வைத்து ஊட்டினால் கொஞ்சம் தின்பாள். அதற்கப்புறம் ஒரு நாள் விடியக்காலையில் அவளாகவே வந்து என் முகத்தைத் தட்டினாள். எழுந்து போய் மீன் வைத்தேன்.